மேலிருந்து 53, தொட்டால் 58

சோலார் ஆலைகளுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டு, எந்தப் பேனல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். மதுரையிலிருந்து கிளம்பினால் ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி என்று கரிசல் காட்டுப் பக்கம்தான் பெரும்பாலும் வேலை. கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் ஆலையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். நான் போவதெல்லாம் ஐந்து, பத்து மெகாவாட் ஆலைகளுக்கு. பேனல் எங்கே இருந்தாலும் பேனல்தான்.

ஆலைப் பொறுப்பாளர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "சார், இது காட்டுற டிகிரி கரெக்டா?" ஒரு ஆலையில் இருந்த பொறியாளர் கேள்வியோடு விடவில்லை. ஒரு பேனலின் பின்பக்கம் தெர்மோகப்பிளை (தொட்டுச் சூடு அளக்கும் கம்பி) வைத்து, டேப் போட்டு அழுத்தி ஒட்டி, மீட்டரும் கையுமாக நின்றுகொண்டார். மீட்டரில் 58. என் ரிமோட் திரையில் அதே பேனல் 53. "அஞ்சு டிகிரி எங்க சார் போச்சு?"

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.

தெர்மல் கேமரா சூட்டைத் தொட்டு அளப்பதில்லை. 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் லென்ஸுக்குள் வந்து விழும் கதிர்வீச்சை வாங்கி, அதை டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. அதில் ஒரு பங்கு பேனலின் கண்ணாடி தானே வெளிவிடுவது. இன்னொரு பங்கு, வானத்திலிருந்து வந்து கண்ணாடியில் பட்டுத் திரும்புவது. நடுவில் இருக்கும் காற்று கொஞ்சம் விழுங்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். இதில் எது எவ்வளவு என்று பிரிக்க கேமராவுக்குத் தெரியாது. எமிசிவிட்டி (ஒரு பரப்பு தன் சூட்டை எந்த அளவுக்குக் கதிர்வீச்சாக வெளிவிடும் என்பதைச் சொல்லும், 1-க்குள் வரும் எண்) எவ்வளவு, மேலே பிரதிபலிப்பது எவ்வளவு குளிர்ச்சி, தூரம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தனக்குள் ஏற்கெனவே இருக்கும் எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பறக்கும்போது திரையில் ஓடுவது அந்தக் கணக்குதான். என் கேமராவில் அது எமிசிவிட்டி 0.95, பிரதிபலிப்பு 25 டிகிரி. உண்மையான திருத்தமெல்லாம் தரை இறங்கிய பிறகு லேப்டாப்பில்.

இந்த இரண்டு எண்ணுமே சோலார் பேனலுக்குப் பொருந்தாது. நேர் மேலிருந்து பார்க்கும்போது பேனல் கண்ணாடியின் எமிசிவிட்டி 0.85-இலிருந்து 0.90-க்குள் இருக்கும். மீதி பத்து, பதினைந்து சதவீதம் வானத்தைத்தான் காட்டுகிறது. அந்த வானம் 25 டிகிரியிலும் இல்லை. மேகமில்லாத வானம் இந்த அலைநீளத்தில் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் "வானம் மைனஸ்ல இருக்கு" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் அளந்தே காட்டிவிடுவது வழக்கம்.

அதற்குத் தேவை, சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாள். நன்றாகக் கசக்கி, திரும்பவும் விரித்து, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் பளபளப்பான பக்கம் மேலே வரும்படி ஒட்ட வேண்டும். பேனல் சாய்ந்திருக்கும் அதே சாய்வில் அதை வைத்து, மேலிருந்து ஒரு படம். மென்பொருளில் எமிசிவிட்டியை 1 என்று போட்டு, அந்த அட்டையின் சராசரியைப் பார்த்தால் வருவதுதான் பிரதிபலிப்பு வெப்பநிலை. அன்றைக்கு வந்தது மைனஸ் 10. பொறியாளர் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது. அலுமினியம் தன் சூட்டைக் காட்டாது, வானத்தைத்தான் திருப்பிக் காட்டும்.

அப்புறம் அதே படத்தை மென்பொருளில் திறந்தோம். எமிசிவிட்டி 0.95, பிரதிபலிப்பு 25 என்று இருந்தபோது 53. எமிசிவிட்டியை மட்டும் 0.88 ஆக்கினால் 55. பிரதிபலிப்பையும் மைனஸ் 10 ஆக்கினால் 58. காணாமல் போன ஐந்து டிகிரியும் வந்துவிட்டது. அதில் வானத்தின் பங்கு எமிசிவிட்டியின் பங்கைவிடப் பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். எமிசிவிட்டி அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பவர்கள்கூட வானத்தை மறந்துவிடுவார்கள்.

தூரமும் ஈரப்பதமும் முப்பது மீட்டர் உயரத்தில் பெரிய விஷயமே இல்லை. தோராயமாகப் போட்டால் போதும். நூறு மீட்டருக்குப் போனால், அதுவும் கடற்கரைக் காற்றில், கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் அந்தப் பொறியாளரிடம் சொன்னேன். அவருடைய 58கூட, பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் செல்லின் சூடு இல்லை. முழு வெயிலில் பின்பக்கத் தாளைவிட உள்ளே இருக்கும் செல் இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். கேமராவுக்கும் செல் தெரியாது. இந்த அலைநீளத்தில் கண்ணாடி சுவர் மாதிரிதான், அதன் மேற்பரப்பை மட்டுமே பார்க்க முடியும். இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு இடத்தை அளந்து கிட்டத்தட்ட ஒரே எண்ணுக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மேகம் வந்தால் இந்தக் கணக்கு குழம்பும். வெள்ளை மேகம் ஒன்று தலைக்கு மேல் வந்தால், பேனலில் தெரிவது மைனஸ் வானம் அல்ல, மேகத்தின் அடிப்பக்கம். அது பத்து, பதினைந்து டிகிரியில் இருக்கும். பேனல் துளிகூடச் சூடாகாமலே திரையில் இரண்டு டிகிரி ஏறிவிடும். அந்த மேகம் சூரியனையும் மறைத்தால் பேனல் நிஜமாகவே குளிர ஆரம்பிக்கும். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். இந்த நேரத்தில் எடுத்த படத்தை வைத்து டிகிரி பேசுவதில் அர்த்தமே இல்லை. மேகம் விலகிய பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் விட்டால்தான் பேனல் நிலைக்கு வரும். பைலட்டுக்கு அந்த நேரம் பேட்டரி வீணாவது போலத் தோன்றும். இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

கேமராவே அன்றைக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ட்ரோன் தெர்மல் கேமராக்களின் விவரத் தாளில் ±2 டிகிரி அல்லது ±2 சதவீதம், எது அதிகமோ அது, என்று போட்டிருப்பார்கள். நல்ல நாளில் கிடைக்கும் துல்லியம் அது. குளிர்விக்காத சென்சார் என்பதால் தன் உடம்புச் சூட்டையும் சேர்த்தே உணரும். ஏசி காரிலிருந்து எடுத்து உடனே பறக்கவிட்டால் முதல் பத்து நிமிடம் எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் லென்ஸில் ஈரம் வேறு படியும். அதனால் கேமராப் பெட்டியை வெளியே நிழலில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மின்சாரம் கொடுத்து ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பறப்பேன். அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டுப் படம் ஒரு நொடி உறையும். ஒரே சீரான சூட்டில் இருக்கும் தகடு ஒன்றை சென்சாருக்கு முன்னால் கொண்டுவந்து அது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. உயரம் ஏறிக் காற்று மாறியதும் ஒருமுறை இதை நாமே அழுத்திச் செய்துவிட்டு, அதன் பிறகு முதல் படத்தை எடுப்பது நல்லது.

கேமரா நகர்ந்ததா இல்லையா என்று தெரிய நான் நம்புவது தண்ணீரை. இரண்டடி அகலமுள்ள பிளாஸ்டிக் டப் இரண்டு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர் கலந்து ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தது. ஆலைக் காவலர் அறையில் கெட்டில் இருக்கும், கேட்டால் மறுக்கமாட்டார்கள். தண்ணீரின் எமிசிவிட்டி 0.96-க்கு மேல், அதனால் வானம் அதில் அதிகம் விளையாடாது. படம் எடுக்கும் நொடி வரைக்கும் ஒருவர் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் ஆவியாகிற மேல்பரப்பு மட்டும் குளிர்ந்து, உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போகாது. கலக்குகிறவர் கையை எடுத்ததும் கிளிக். வேலை செய்யப்போகும் அதே உயரத்தில் எடுக்க வேண்டும். கிளம்பும்போது ஒன்று, இறங்குவதற்கு முன் ஒன்று.

இரண்டு டப்பிலும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால், உதாரணமாக 29-ஐ 31 என்றும் 55-ஐ 57 என்றும், எல்லாப் படத்திலும் இரண்டைக் கழித்துவிடலாம். கிளம்பும்போது ஒரு வித்தியாசம், இறங்கும்போது வேறு என்றால் நடுவில் கேமரா நகர்ந்திருக்கிறது. வெந்நீரில் மட்டும் நிறையத் தப்பினால் கேமராவை அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதல் தடவை இதைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "என்னண்ணே, சோலார் பார்க்க வந்துட்டு குளிக்கத் தண்ணி போடுறீங்க?" என்று ஒரு டெக்னீஷியன் தம்பி கேட்டான். அறிக்கையில் எந்த எண்ணை யார் சந்தேகப்பட்டாலும் நான் முதலில் எடுத்து நீட்டுவது அந்த டப் படங்களைத்தான்.

பேனல் மேலேயே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். கைக் கேமராவுக்கு அது அருமையான வழி, டேப்பின் எமிசிவிட்டி 0.95 பக்கம் இருக்கும். முப்பது மீட்டர் மேலிருந்து அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. பெரிதாக ஒட்டினாலோ வம்பு: செல்லில் நிழல் விழுந்து, அந்தச் செல் நிஜமாகவே சூடாகிவிடும். சோதிக்கப் போய் நாமே ஹாட்ஸ்பாட் (சுற்றியுள்ளதைவிடத் தகிக்கும் இடம்) உண்டாக்கின கதையாகிவிடும்.

உயரத்துக்கு வருகிறேன். பணம் கொடுக்கிறவர்களுக்கு வேகம் வேண்டும், அதற்கு உயரே பறக்க வேண்டும். துல்லியத்துக்குக் கீழே வர வேண்டும். என் கேமரா 640×512 பிக்சல், பிக்சல் அளவு 12 மைக்ரான், லென்ஸ் 13 மில்லிமீட்டர். 30 மீட்டரில் ஒரு பிக்சலுக்குள் கிட்டத்தட்ட 2.8 சென்டிமீட்டர் சதுரம் அடங்கும், 60 மீட்டரில் 5.5. சோலார் பேனல்களின் தெர்மல் ஆய்வுக்கான ஐஇசி 62446-3 என்ற தரநிலை ஒரு பிக்சலுக்கு 3 சென்டிமீட்டருக்குள் இருக்கச் சொல்கிறது. ஆறு அங்குலச் செல் ஒன்றில் ஐந்துக்கு ஐந்து பிக்சல் விழும். ஆகவே எனக்கு 30 மீட்டர்தான் எல்லை.

ஏன் இந்தக் கறார்? இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு ஹாட்ஸ்பாட் 95 டிகிரியில் இருக்கிறது, சுற்றிலும் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது மீட்டரில் அந்தப் புள்ளி ஒரு பிக்சலின் எட்டில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். பிக்சல் தனக்குள் விழும் எல்லாவற்றையும் கலந்து சராசரிதான் கொடுக்கும், அண்டா நிறையப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றியது மாதிரி. திரையில் 63-ஐ ஒட்டி வரும். பெரிதாக ஒன்றுமில்லை என்று தாண்டிவிடுவோம். முப்பது மீட்டரில் எழுபதுகளுக்கு ஏறும், பத்து மீட்டருக்கு இறங்கினால் தொண்ணூறை நெருங்கும். பேனல் ஒன்றுதான், வெயில் ஒன்றுதான், மூன்று எண். அதனால் முதல் சுற்றில் முப்பது மீட்டரில் சந்தேகமான இடங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் அந்தந்த இடத்துக்கு மட்டும் கீழே இறங்குவது என் முறை. அறிக்கையில் இரண்டாவது சுற்று எண்தான் போகும், பக்கத்தில் உயரமும் எழுதியிருக்கும்.

கோணத்தில் இரண்டு தொல்லை. சாய்வாகப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடியின் எமிசிவிட்டி குறையும். செங்குத்திலிருந்து 60 டிகிரி தாண்டினால் வேகமாகச் சரியும். ஒரே படத்தில் பத்து வரிசையையும் அடக்கிவிடலாம் என்று கேமராவை நிமிர்த்தி எடுத்தால் கிட்ட இருக்கும் வரிசைக்கும் தூரத்து வரிசைக்கும் டிகிரி மாறும், பேனலில் ஒரு குறையும் இருக்காது. இரண்டாவது, சூரியன். நம் பக்கம் பேனல்களைப் பத்து டிகிரி போலத் தெற்கே சாய்த்திருப்பார்கள். கமுதி இருக்கும் அட்சரேகையில் சித்திரை தொடங்கும் நேரத்திலும் ஆவணியிலும் உச்சிவேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல். அந்த நாட்களில் நடுப்பகலில் நேர் கீழே பார்க்காமல் கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலே படத்தின் ஓரத்தில் சூரியனின் பிரதிபலிப்பு சிக்கிக்கொள்ளலாம். பார்க்க அசல் ஹாட்ஸ்பாட் போலவே இருக்கும். சோதிப்பது எளிது: ட்ரோனை இரண்டு மீட்டர் நகர்த்துங்கள். புள்ளி கூடவே வந்தால் அது சூரியன். பேனலிலேயே நின்றால் பேனல். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரைக்கும் எனக்குப் பிடித்த நேரம். கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 600 வாட்டைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது தரநிலை. ஆலையின் வானிலைக் கம்பத்தில் அந்த எண் ஓடிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கச் சொல்லி ஒரு ஆளை நிறுத்திவிடுங்கள்.

காற்று பற்றிச் சுருக்கமாக: ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் வேலை எடுக்காதீர்கள். தரநிலை மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றுவரை ஒத்துக்கொள்கிறது. அந்தக் காற்றில் ஹாட்ஸ்பாட்டே பாதி ஆறிப்போயிருக்கும். தை, மாசி, பங்குனி எனக்கு வேலைக் காலம்.

இனி நிறம். தெர்மல் படத்தில் சிவப்பு என்றால் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தானியங்கி அமைப்பில் கேமரா அந்தந்தப் படத்தில் உள்ள அதிகச் சூட்டுக்குச் சிவப்பையும் குறைந்த சூட்டுக்கு நீலத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும். எல்லாப் பேனலும் 55-இலிருந்து 57-க்குள் இருந்தாலும் 57 சிவப்பாகத்தான் தெரியும். "சார் சிவப்பா எரியுதே, தீப்பிடிச்சிருமா?" என்று பதறுவார்கள். அளவுகோலைப் பூட்டிவிட வேண்டும், உதாரணமாக 40-இலிருந்து 90 வரை, ஆலை முழுவதற்கும் ஒன்றே. படம் மங்கலாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம்.

இவ்வளவு திருத்தியும் நான் அறிக்கையில் முன்னால் வைப்பது டிகிரியை அல்ல, வித்தியாசத்தை. பக்கத்துப் பேனலுக்கும் இதற்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? இரண்டிலும் ஒரே வானம், ஒரே கண்ணாடி, ஒரே கேமரா, கிட்டத்தட்ட ஒரே கோணம். பிழைகளில் பெரும்பங்கு இரண்டு பக்கமும் இருப்பதால் கழித்தால் போய்விடும். ஒரு ஆலையில் ஒரு ஸ்ட்ரிங் (ஒன்றோடொன்று தொடராக இணைத்த பேனல்கள்) முழுக்க, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, மற்றவற்றைவிட நான்கு டிகிரி கூடுதல். தனியாகப் பார்த்தால் 60 என்பது சாதாரண எண். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நேர்கோடு போட்டது மாதிரி தெரிந்தது. அந்த ஸ்ட்ரிங்கில் மின்சாரமே ஓடவில்லை. மின்சாரமாக வெளியே போக வேண்டியது பேனலிலேயே சூடாகத் தங்கியிருந்தது. ஸ்ட்ரிங்குகள் வந்து சேரும் கம்பைனர் பெட்டியைத் திறந்தால் ஃப்யூஸ் போயிருந்தது. ஒரே பேனலில் மூன்றில் ஒரு பாகம் மட்டும் பட்டையாகச் சூடாக இருந்தால், அந்தப் பாகத்தைத் தவிர்த்து மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடைப் பாருங்கள். ஒற்றைச் செல் மட்டும் தகித்தால், முதலில் சாதாரணக் கேமராப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பாதி நேரம் மயில் எச்சமாக இருக்கும். எச்சத்தின் நிழலால் வரும் சூடு நிஜம்தான், ஆனால் அதற்கு மாற்றுப் பேனல் கேட்டு உத்தரவாதக் கடிதம் எழுத முடியாது. கழுவினால் போதும்.

இந்த வித்தியாசமும் வெயிலைப் பொறுத்தது: 700 வாட் வெயிலில் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 1000 வாட்டில் அது தோராயமாக 14. இந்த மாற்றத்தைச் செய்யாமல் போன வருட அறிக்கையோடு இந்த வருடத்தை ஒப்பிட்டால் தேவையில்லாத சண்டை வரும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பலாம், பார்க்க மட்டும். தெர்மல் கேமரா எடுக்கும் ஆர்-ஜேபெக் படத்துக்குள் ஒவ்வொரு பிக்சலின் அளவும் தனியாக ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப் சுருக்கும்போது அது போய், வெறும் வண்ணப்படம் மிஞ்சும். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். மெமரி கார்டிலிருந்து நேரே லேப்டாப்புக்கு எடுத்து, மூலப்படத்தைத் தொடாமல் வைத்தால்தான் எமிசிவிட்டியை ஆறு மாதம் கழித்தும் மாற்றிப் பார்க்கலாம்.

சோலார் ஆலைக்குப் போனால் அப்படியே ஸ்விட்ச்யார்டையும் (ஆலை மின்சாரம் வெளியே போகும் இடம்) ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள் என்பார்கள். அங்கே மிகவும் கவனம். புது அலுமினியக் கிளாம்ப் பளபளப்பாக இருக்கும், எமிசிவிட்டி 0.1 அளவுதான். அது 90 டிகிரியில் கொதித்தாலும் திரையில் வானத்தைக் காட்டி, குளிர்ச்சியாக இருப்பதாகச் சொல்லும். பேனலில் ஐந்து டிகிரி தப்பினால் வாக்குவாதம், இங்கே தப்பினால் விபத்து. பளபளப்பான உலோகத்துக்கு டிகிரி எழுதிக் கொடுக்கவே மாட்டேன். பக்கத்தில் இருக்கும் பழைய, கறுத்துப்போன பகுதி, பெயின்ட் அடித்த இடம், கேபிளின் உறை, போல்ட் இடுக்கு, இவற்றில் அளந்து மூன்று ஃபேஸையும் ஒப்பிட்டுச் சொல்வேன்.

ட்ரோனால் எட்டாத ஒன்று பேனலின் பின்பக்க ஜங்ஷன் பாக்ஸ், அதாவது கேபிள் இணைப்புப் பெட்டி. மேலே கண்ணாடியில் அந்த இடம் லேசாகச் சூடு காட்டும், அது பெரும்பாலும் இயல்பானதுதான். இயல்பா, உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கைக் கேமராவோடு பேனலுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். பின்பக்கத் தாளின் எமிசிவிட்டி 0.95, வானமும் குறுக்கே வராது, எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளலாம். போகும்போது கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலுக்கு அந்த நிழலில் பாம்பும் படுத்திருக்கும்.